சிமெண்ட் ஆற்றங்கரைப் போர்

பிள்ளைகளா, ஒரு குரோஸ் என்றால் எத்தனை? உங்கள் கணக்குப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. பன்னிரண்டு ஒரு டஜன், பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ். ஆக நூற்று நாற்பத்து நான்கு. எங்கள் சிவகாசிப் பக்கத்தில் தீப்பெட்டியை இந்தக் கணக்கில்தான் எண்ணுவார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பத்தாக எண்ணும்போது நாங்கள் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிக்கொண்டிருப்போம்.

பதினோரு வயதில் நான் ஒரு குரோஸ் வீரர்களுக்குத் தளபதியாக இருந்தேன். எதிரிக்கும் ஒரு குரோஸ். எதிரி வேறு யாருமில்லை, என் கூட்டாளிதான். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்த வருசத்துக் கோடை விடுமுறையில் நாங்கள் நடத்திய ஒரு போரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போரில் மட்டும் ஒன்றைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அப்போது வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்துவிட்டது. கைபேசி மட்டும் முதலாளிமார் சட்டைப்பையில் இருந்தது. எங்கள் அப்பா நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சாயங்காலம் வந்ததும் வாசல் குழாயடியில் சட்டையைக் கழற்றி அலசிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். அந்தத் தண்ணீர் மருந்துத் தூசியில் சாம்பல் நிறமாக ஓடும். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் வெடிக்குக் குழாய் உருட்டியவர்கள். குழாய் என்றால் இரும்புக் குழாய் இல்லை. துண்டுக் காகிதத்தைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, உருவி எடுத்தால் வருமே, அந்தக் காகிதக் குழாய். அதன் அடியில் களிமண் அடைத்து, உள்ளே மருந்து போட்டு, திரி வைத்தால் வெடி.

கூட்டாளியின் வீடு ஊருக்குள், கடைத்தெருவுக்குப் பின்னால். அவன் அப்பாவை அவர்கள் வீட்டு வழக்கப்படி அத்தா என்பான். நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மருமகனே என்பார். எங்கள் அப்பாவும் அவனுக்கு மாமாதான், அம்மா அத்தை. அச்சாபீஸ்களில் வெட்டி விழும் காகிதம், கலர் விலகிப்போன லேபிள், பழைய புத்தகம் எல்லாவற்றையும் வாங்கித் தரம் பிரித்து விற்பதுதான் அவருக்குத் தொழில். வீட்டை ஒட்டியே கோடவுன். உள்ளே நுழைந்தால் அச்சு மையும் கோந்தும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறும். வெயிலிலிருந்து உள்ளே வந்தால் கொஞ்ச நேரத்துக்குக் கண் தெரியாது. சன்னமான காகிதத் தூசி மட்டும் கூரை ஓட்டையிலிருந்து விழும் வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருக்கும்.

நடுவில் மேசை. இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்து இரும்புக் கால்கள்மேல் போட்டது. அதில்தான் காகிதம் பிரிப்பார்கள். அந்த மே மாதம் பெரிய லோடு ஒன்று தள்ளிப்போனதால் மேசை சும்மா கிடந்தது.

யோசனை எங்களுடையது இல்லை. வெளிநாட்டுக் கழிவுக் காகிதக் கட்டு ஒன்றில் வழவழப்பான ஒரு பக்கம் கிடைத்தது. படத்தில், தாடி வைத்த இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றிக் குனிந்து நிற்கிறார்கள். மேசைமேல் மலை, பாலம், கோட்டை, விரல் உயரத்தில் நூற்றுக்கணக்கான வீரர்கள். ஒருவர் கையில் அளவு நாடா. கீழே இங்கிலீஷில் நிறைய எழுதியிருந்தது. நாங்கள் இருவரும் எழுத்துக்கூட்டிப் பார்த்ததில் 'டேபிள்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது.

மாமாவிடம் காட்டினோம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெரிய ஆளுகளா வெளையாடுறாக? பொழப்பு கிழப்பு ஒண்ணும் கெடையாதா இவுகளுக்கு?"

"அத்தா, நாங்க வெளையாடலாமா? அந்த மேசையில?"

"லோடு வர்ற வரைக்கும் மேசை ஒங்களுக்கு. வந்த அன்னைக்குக் காலையில தொடச்சு வச்சாப்ல இருக்கணும். அப்புறம் ஒண்ணு, மண்ணு மட்டும் உள்ள வரப்படாது. ஒரு பொட்டு மணல் பேப்பருக்குள்ள போச்சுன்னா கட்டிங் மிஷின் பிளேடு போயிரும். கேட்டீகளாலே?"

கேட்டுக்கொண்டோம்.

வீரர்களுக்கு எங்கே போவது? அங்கேதான் என் கைவேலை உதவியது. அம்மா ஒரு தடவை உருட்டிக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பி ஒன்றை எடுத்து, கலர் விலகிய லேபிளை அதில் சுற்றி, மைதாப் பசை தடவி உருவினேன். சுட்டுவிரல் உயரத்தில் ஒரு ஆள் வந்துவிட்டான். நின்றால் விழுந்தான். அடியில் களிமண் அடைத்தேன். நின்றான். கிளிப் படம் போட்ட பச்சை லேபிள் என் படை. சிங்கப் படம் போட்ட சிவப்பு லேபிள் அவன் படை. கலர் விலகியதால் ஒவ்வொரு சிங்கத்துக்கும் இரண்டு மூக்கு. அதனால் அவன் படைதான் பயங்கரமாகத் தெரிந்தது.

நெருக்கமாக நிற்கும்போது ஒருவனை எடுக்கப்போனால் பக்கத்தில் நாலு பேர் சாய்ந்தார்கள். அதற்குக் கூட்டாளிதான் வழி சொன்னான். ஒவ்வொருவன் தலையிலும் ஒரு துண்டு நூலை ஒட்டி மேலே நீட்டி விடுவது. நூலைப் பிடித்துத் தூக்கினால் பக்கத்தில் இருப்பவன் அசையமாட்டான்.

இப்போது நீங்களே மனசுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் நீளக் காகிதக் குழாய், அடியில் களிமண், மேலே நூல். எங்கள் ஊரில் பிறந்த எங்கள் இருவருக்கும் அது வீரனாகத்தான் தெரிந்தது. வேறு எதுவாகவும் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

இரண்டு வாரம் உருட்டினோம். விதிகளும் கூடவே வளர்ந்தன. லூடோ கட்டையை உருட்ட வேண்டும், விழுந்த எண் எவ்வளவோ அத்தனை விரற்கடை நடக்கலாம். பீரங்கிக்குப் புளியங்கொட்டை. விரலால் சுண்டினால் எதிரிமேல் பட்டு எத்தனை பேர் விழுகிறார்களோ அத்தனை பேர் செத்தார்கள். நேருக்கு நேர் மோதினால் ஆளுக்கு ஒரு உருட்டு, பெரிய எண் போட்டவன் பிழைப்பான். ராஜா விழுந்தால் போர் முடிந்தது. ராஜாவுக்குக் காலி நூல்கண்டு.

காகிதக் கட்டுகள் மலையாயின. இரண்டு மரஸ்கேல் இரண்டு பாலம். ஆறுதான் இடித்தது.

"ஆறுன்னா நீலமா இருக்கணும்லே. நீலப்பொடி வாங்குவமா?" என்றேன்.

"சாத்தூர் ஆத்துல நீ என்னைக்கு நீலமாத் தண்ணி பாத்தே? ஆறுன்னா மணலு. சாம்பக் கலர்ல கெடக்கும்."

"மணல்தான் உள்ள வரப்படாதுன்னாகளே?"

கூட்டாளி சுற்றிலும் பார்த்தான். பிறகு கோடவுன் மூலையில் தரை பூசி மீந்துபோன ஆலங்குளம் சிமெண்ட் மூட்டையைக் காட்டினான்.

"மண்ணுதானலே வேண்டாம்னாக? சிமெண்டை ஒண்ணும் சொல்லலையே."

மேசைக்குக் குறுக்கே நாலு விரல் அகலத்துக்கு, நகக்கண் கனத்துக்குச் சிமெண்ட் பொடியைத் தூவினோம். அச்சு அசலாக ஆறு.

சின்னச் சின்னப் போர்களாக நாலு நடந்தது. நாலிலும் அவன்தான் ஜெயித்தான். அவன் மூளை அப்படி. நான் பாட்டுக்கு ஆட்களைக் கிளப்பிக்கொண்டு நேராகப் போவேன். அவன் ஒரு ஆளை நகர்த்துவதற்கு முன் மேசையை மூன்று தடவை சுற்றி வருவான், என் பக்கம் வந்து குனிந்து என் ஆட்களின் முதுகைக்கூடப் பார்த்துவிட்டுப் போவான். ஒவ்வொரு தடவை என் ராஜா விழும்போதும், "மாப்ள, கிளி பறந்துருச்சு" என்பான். வயிறு எரியும்.

அப்புறம் மாமா வந்து சொன்னார், "திங்கக்கிழமை காலையில லோடு வருது." அன்றைக்குப் புதன். அந்தத் திங்களே பள்ளிக்கூடமும் திறக்கிறது. ஆக மிச்சம் நாலு நாள். முழு மேசையில், முழுப் படையோடு, ஆளுக்கு ஒரு குரோஸ் வைத்து ஒரே ஒரு பெரிய போர் என்று முடிவு செய்தோம். எனக்கு ஒரே ஆசைதான். அந்த ஒன்றிலாவது நான் ஜெயிக்க வேண்டும். ஐந்துக்கு ஐந்தும் தோற்றுவிட்டு அடுத்த வகுப்புக்கு அவன் பக்கத்தில் போய் உட்கார என்னால் முடியாது.

வியாழன் காலையில் ஆரம்பித்தோம். மின்விசிறி போடக்கூடாது என்பது விதி, போட்டால் இரண்டு படையும் படுத்துவிடும். முதுகில் வியர்வை வழிய வழிய நின்றோம். மத்தியானம் சேவுப் பொட்டலம் வரும். எண்ணெய்க் கையோடு தொட்டதால் என் முன்வரிசைக் கிளிகள் பாதிப் பேருக்கு இறக்கை நனைந்துபோனது. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அவன் போன நேரம் போர் நிறுத்தம். அவன் திரும்பி வரும்வரை மேசைப் பக்கமே போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். தொட்டுவிட்டேன் என்று சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் போல நிலைமை இதுதான். இரண்டு பாலத்திலும் அடிதடி. ஆற்றுக்குள் இறங்கிய ஆட்கள் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சேதம் அதிகம். ஆனாலும் என் ராஜா அசையாமல் நின்றார். கூட்டாளி முதல் தடவையாக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அப்பா வந்தார்.

சனிக்கிழமை கம்பெனி அரைநாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே, முடி வெட்டிவிடலாம் என்று என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். முன்கடையில் மாமாவிடம், "பய எங்க பாய்?" என்று கேட்பது காதில் விழுந்தது. "உள்ள ஏதோ வெளையாட்டு, போய்ப் பாருங்க" என்றார் மாமா.

அப்பா வெயிலிலிருந்து உள்ளே வந்தார். ஒரு நிமிடம் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். நாலு பக்கமும் கூரை வரை காகிதம். நடுவில் மேசை. மேசைமேல் டஜன் டஜனாகக் களிமண் அடைத்து, திரி வைத்துக் காயப் போட்ட வெடி. குறுக்கே ஒரு பட்டையாகச் சாம்பல் நிற மருந்து. அதன்மேல் குனிந்துகொண்டு இரண்டு பிள்ளைகள்.

அப்பா சத்தம் போடவில்லை. மெல்லத்தான் சொன்னார், "ரெண்டு பேரும் கையை எடுங்க. எதையும் உரசாம இங்கன வாங்க."

"அப்பா, ஒரே ஒரு உருட்டு..."

மறு நிமிடம் என் சட்டைக் காலர் ஒரு கையிலும் கூட்டாளியின் காலர் ஒரு கையிலும் இருந்தது. தெருவில் வந்து விழுந்தோம். "பாய், வெளிய வாங்க! வீட்டுல இருக்கவுகளையும் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க!" என்று அப்போதுதான் கத்தினார். தெருவே ஓடியது. எல்லாரும் வெளியே ஓட, அப்பா மட்டும் திரும்ப உள்ளே போனார். வாசலை ஒட்டித் தீ அணைக்க வைத்திருந்த தண்ணீர் டிரம்மில் வாளியை முக்கினார்.

"அப்பா, ஊத்தாதீங்க! அது ராணுவம்ப்பா!" என்று நான் கத்தினேன்.

"மாமா, சிங்கம் மாமா! கிளி மாமா!" என்று கூட்டாளி கத்தினான். அந்த நேரத்தில் இதைக் கேட்ட யாருக்கும் எங்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும்.

ஒரு வாளி. இரண்டு வாளி. மூன்று வாளி. வாளித் தண்ணீர் மேசையில் விழும் சத்தம் எனக்குத் தெருவரை கேட்டது. அப்புறம் அமைதி. மெல்ல எட்டிப் பார்த்தோம். அப்பா ஒரு சிங்கத்தைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிய்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. ஆற்றை விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னலே இது?"

"சிமெண்ட்" என்றான் கூட்டாளி, அழுதுகொண்டே.

அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார். ஒன்றுதான். அதற்குமேல் அவர் கை எழும்பவில்லை.

மாமா உள்ளே வந்தார். நனைந்த கட்டுகளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுட்டேன் பாய்" என்றார் அப்பா. "கட்டு நாலஞ்சு நனஞ்சு போச்சு."

"பேப்பர் கெடக்குது விடுங்க. நீங்க நெனச்சது நெசமா இருந்திருந்தா, அண்ணாச்சி? நானெல்லாம் வெளிய ஓடுறேன், நீங்க உள்ள போறீக." மாமா நனைந்த கட்டு ஒன்றைக் காலால் ஓரம் தள்ளினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "சிமெண்டையா தூவுனீக? நல்லா இருப்பீகளாலே நீங்க?"

அன்றைக்கு அப்பா சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே வந்தார். பின்னால் அழுதுகொண்டே நான். ஆனால் முடி விஷயத்தை மட்டும் அவர் மறக்கவில்லை. சலூனில் என்னை உட்கார வைத்துவிட்டு, வாசல் பெஞ்சில் அடுத்தடுத்து இரண்டு டீ குடித்தார். கண்ணாடியில் அது தெரிந்தது. சட்டையில் டீ சிந்தியதைக்கூட அவர் துடைக்கவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே, 'நல்லா வேணும்' என்று நினைத்தேன் பிள்ளைகளா. என் போரைக் கெடுத்தவர் என்ற ஒரே நினைப்புத்தான் எனக்கு. முடி ஒட்ட வெட்டி, கழுத்தெல்லாம் அரிக்க அரிக்க வீடு வந்தேன்.

அவர் அந்த மேசையை வெடி என்று முழுசாக நம்பினார். நம்பிக்கொண்டுதான் திரும்ப உள்ளே போனார். இது எனக்கு உறைக்கப் பல வருசம் ஆனது. நீங்கள் பிறந்த பிறகுதான் சரியாக உறைத்தது.

சாயங்காலம் கூட்டாளி எங்கள் வீட்டுக்கு வந்தான். மாமா கொடுத்துவிட்டதாக ஒரு பை. பை நிறையப் பச்சையும் சிவப்புமாய்க் காகிதத் துண்டு. நனைந்து நசுங்கிய நாலு வீரர்களையும் சாட்சிக்குக் கொண்டுவந்திருந்தான்.

அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஏங்க, இதையா வெடின்னு நெனச்சீக?"

அப்பா துண்டை எடுத்து உதறினார்.

"இருவது வருசம் கம்பெனியில இருக்கீக. இந்தக் கோணக் குழாயில எவனாச்சும் மருந்து போடுவானா? ஓரம் பாருங்க, நாய் கடிச்ச மாதிரி இருக்கு. ஏலே, நீ என் வயித்துலதான் பொறந்தியா?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அப்போதுதான் எனக்கும் அழுகை நின்றது.

"எத்தனை வேணும்?" என்றார்கள் அம்மா.

சண்டையில் செத்தவர்கள் போக உயிரோடு இருந்தவர்கள் மட்டும் வேண்டும். ஆறு, பாலம், கரை என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்து, "எனக்கு ஆறு டஜன்" என்றேன். "எனக்கு எட்டு டஜன் அத்தை" என்றான் அவன், யோசிக்காமல். அம்மா முறத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாங்கள் இரண்டு வாரம் உருட்டியதை இருட்டுவதற்குள் உருட்டிப் போட்டார்கள். கை ஓடுவதே தெரியவில்லை, குழாய் மட்டும் முறத்தில் குவிந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் அடியிலும் களிமண் அடைத்து, நூல் ஒட்ட எங்களிடம் கொடுத்தார். யாரும் அவரை அடைக்கச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் எங்களோடு வந்தார். சைக்கிள் ஹாண்டிலில் வீரர்கள் இருந்த பை, கேரியரில் உளியும் சுத்தியலும். ஏனென்றால் ஆறு இறுகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். தூவிய சிமெண்டில் மூன்று வாளித் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்? ஒரு ராத்திரியில் மேசைக்குக் குறுக்கே கல்லாகக் கிடந்தது. திங்கள் லோடுக்கு முன் அதைப் பெயர்த்தாக வேண்டும்.

அப்பா உளியை எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "வேண்டாம்!" என்றோம்.

"ஏன்?"

"சண்டை முடியல" என்றான் கூட்டாளி.

அப்பா எங்களைப் பார்த்தார். உளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு காகிதக் கட்டின்மேல் போய் உட்கார்ந்தார்.

நல்ல வேளையாக ஆறே எங்களுக்குச் சாட்சி ஆனது. ஆற்றில் நின்றவர்களின் களிமண் அடிகள் சிமெண்டோடு சேர்ந்து ஒட்டிப்போயிருந்தன. யார் எங்கே நின்றார்கள் என்பது அப்படியே பதிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு பாலம், கரை, ராஜா என்று ஒவ்வொன்றாக நிறுத்தினோம். சின்னச் சின்னத் தகராறு வந்தது. "இவன் இங்கன இல்லலே, அங்கன." "ஒன் கண்ணு நொள்ளையா?" அவ்வளவுதான்.

எல்லாம் நிறுத்தி முடித்து, நான் கட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். கூட்டாளி வழக்கம்போல மேசையைச் சுற்றினான். என் பக்கம் வந்தான். வலது ஓரத்து மலைக்குப் பின்னால் குனிந்து பார்த்தான்.

"ஒன் ஆளுக எங்கலே?"

"எந்த ஆளுக?"

"இங்கன பன்னெண்டு பேரு நின்னாங்கள்ல?"

நான் மலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

"வியாழக்கிழமை காலையில மொத வேலையா கொண்டாந்து நிறுத்துனே. அப்புறம் தொடவே இல்ல. மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். ஏதோ நினைப்பில் நிறுத்தியிருக்கிறேன், பிறகு பாலத்து மும்முரத்தில் அப்படி ஒரு டஜன் இருந்ததே நினைவில் இல்லை. அவர்கள் நின்ற இடத்தில் சிமெண்ட் இல்லை. மூன்று வாளித் தண்ணீர் அவர்களைச் சுத்தமாகத் தரைக்குக் கொண்டுபோய்விட்டது. உலகத்தில் அந்தப் பன்னிரண்டு பேரை நினைவில் வைத்திருந்தவன் எதிரி ஒருவன்தான்.

"அப்ப எனக்கு ஏழு டஜனா?"

"ஏழுதான். நேத்தே சொல்லணும்னு நெனச்சேன், அத்தை ஒன்னைய ஏசிக்கிட்டு இருந்தாகளா, சிரிப்புல மறந்துட்டேன்."

கையில் ஆள் இல்லை. நான் முழித்தேன். பின்னாலிருந்து அப்பா கையை நீட்டினார். "காயிதத்தைக் குடு."

தரையில் கிடந்த பச்சைத் துண்டுகளை எடுத்து, சட்டைப்பைப் பேனாவில் சுற்றி, பசை இல்லாததால் நூலால் கட்டிப் பன்னிரண்டு பேரைச் செய்து கொடுத்தார். பேனா கனம் என்பதால் ஆட்கள் எல்லாம் குண்டு குண்டாக வந்தார்கள்.

"ஒங்கப்பா ஆளுக பூராம் தொந்தியோட வர்றாங்கலே" என்றான் கூட்டாளி.

"வயசான பட்டாளம்டா" என்றார் அப்பா.

போர் தொடங்கியது. பாலங்களில் என் ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். பச்சை குறைந்துகொண்டே வந்தது. தொந்திப் பட்டாளம் மலையைச் சுற்றி, ஆற்றைக் கடந்து, உருட்டுக்கு நாலு விரல், ஐந்து விரல் என்று நடந்தது. அவன் ராஜாவுக்கு முன்னால் ஒரு டஜன் சிங்கங்கள் அந்த மலையைப் பார்த்தபடியே நின்றன. பாலத்தில் எவ்வளவு அடிதடி நடந்தபோதும் அவர்களை மட்டும் அவன் நகர்த்தியதில்லை. ஏன் அங்கே வீணாக நிற்கிறார்கள் என்று நான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மோதினோம். ஆளுக்கு ஒரு உருட்டு. என் ஆள் விழுந்தான், அவன் ஆள் விழுந்தான், அவன் ஆள், என் ஆள். மாமாவும் முன்கடையை விட்டுவிட்டு வந்து நின்றார். "எதுலே மருமகன் படை? பச்சையா?" என்று கேட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் அந்த இடத்தில் என் தொந்திக்காரர்கள் இரண்டு பேர், எதிரே அவன் ராஜா மட்டும். நான் உருட்டினேன், இரண்டு. அவன் உருட்டினான், ஆறு. மிச்சம் ஒருத்தன்.

கூட்டாளி முதலில் உருட்டினான். நாலு.

நான் கட்டையை இரண்டு கையிலும் பொத்திக் குலுக்கினேன். உள்ளங்கை வியர்வையில் வழுக்கியது. விட்டேன். கட்டை மேசைப் பலகையில் ஓடி, ஆற்று ஓரத்தில் இடித்து நின்றது. ஐந்து.

கூட்டாளி தன் ராஜாவைத் தானே ஒரு விரலால் சாய்த்தான்.

எனக்குக் கத்த வரவில்லை. இரண்டு வாரமாக எப்படிக் கத்த வேண்டும் என்று நினைத்துக்கூட வைத்திருந்தேன். அதற்குப் பதிலாக வாயில் வந்தது இதுதான்: "ஏம்லே சொன்னே? சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. நீதானே ஜெயிச்சிருப்பே?"

அவன் மலையைப் பார்த்து நின்று செத்துப்போன தன் ஒரு டஜன் சிங்கங்களை ஒவ்வொன்றாக நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"நீ மறந்துட்டே. இவங்க மறக்கலையேலே. மூணு நாளா அந்த மலையத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அங்கன ஆளே இல்லைன்னு ஆக்கிட்டா, நாங்க எதுக்குடா நின்னோம்னு கேக்க மாட்டாங்களா?"

குனிந்து அவனோடு சேர்ந்து அவன் ஆட்களைப் பொறுக்கினேன். அவன் என் ஆட்களைப் பொறுக்கினான்.

அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"முடிஞ்சுதா? ஆத்தை எடுத்துரட்டா?"

"கொஞ்சம் இருங்கப்பா" என்றேன்.

"கொஞ்சம் இருங்க மாமா" என்றான் அவனும்.

அப்பா உளியைப் பிடித்தபடியே நின்றார். நாங்கள் அந்த ஆற்றைப் பார்த்து முடிக்கும்வரை இருந்தார்.